மண்டையில் துளை மட்டும் போட்டு அனுப்பும் 'டம்மி ஆபரேஷன்': இது சரியா?

வைகைக்கரை:
அமெரிக்காவில் பார்கின்சன் நோயாளிகள் 40 பேரை வைத்து நடந்த ஒரு ஆய்வின் முடிவு 2001இல் வெளியானது. கலைக்கப்பட்ட கருவிலிருந்து எடுத்த நரம்பு செல்களை மூளையில் வைத்தால் டோபமைன் (உடல் அசைவுக்கு வேண்டிய மூளை ரசாயனம், பார்கின்சனில் இது குறைந்துவிடும்) மறுபடி சுரக்குமா என்று பார்த்தார்கள். பாதிப் பேருக்கு செல் வைத்தார்கள். மீதிப் பேருக்கு மண்டையோட்டில் துளை மட்டும் போட்டு, மூளையுறையைத் துளைக்காமல் தைத்துவிட்டார்கள். நன்மையே இல்லாத காயத்தை டாக்டரே உண்டாக்கலாமா? மருத்துவ அறநெறி அறிஞர் ரூத் மேக்லின் இதை 1999லேயே கண்டித்து எழுதினார்.

கதிர்_பொள்ளாச்சி:
டம்மி குழு இருக்கும் என்று தெரிந்துதானே கையெழுத்துப் போட்டார்கள்? பின்னால் அசல் சிகிச்சையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். சரி, அந்தக் குழுவே இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும்? அதற்கு முன் ஒப்பீடு இல்லாமல் செய்த ஆபரேஷன்களில் 'நல்ல முன்னேற்றம்' என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் பார்கின்சனில் குணமாகிவிடும் என்ற நம்பிக்கையே கொஞ்சம் டோபமைனைச் சுரக்க வைத்துவிடும், ஸ்கேனிலேயே அது தெரிகிறது. ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான், நோயாளிகள் தாங்களே சொன்ன முன்னேற்றத்தில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. செல் வைத்தவர்களில் 15 சதவீதம் பேருக்குப் பிற்பாடு கை கால் தானாக முறுக்கிக்கொள்ளும் தொல்லை வேறு. டம்மி குழு இல்லாதிருந்தால் இந்த ஆபரேஷனை ஊர் ஊராகச் செய்திருப்பார்கள்.

வைகைக்கரை:
கையெழுத்தா? வருடக்கணக்கில் மாத்திரை தின்று அதுவும் கேட்காமல் போனவரிடம் எதை நீட்டினாலும் போடுவார். 2003இல் வந்த இன்னொரு ஆய்வைப் பாருங்கள். உடம்பு புது செல்லை ஏற்காமல் போகக்கூடாது என்று கொடுக்கும் சைக்ளோஸ்போரினை, செல்லே வைக்காதவர்களுக்கும் ஆறு மாதம் கொடுத்தார்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து அது!

கதிர்_பொள்ளாச்சி:
அந்த மருந்து எனக்கும் உறுத்துகிறது. ஆனால் அதே ஆய்வில் செல் வைத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முறுக்கல் வந்தது, அதையும் சொல்லுங்கள்.

மல்லிகா_தஞ்சை:
அப்பாவுக்குப் பார்கின்சன். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். முதல் ஆய்வில் கலந்துகொண்டவர்களைப் பற்றி 2004இல் ஒரு கட்டுரை வந்தது: உண்மையில் எது நடந்திருந்தாலும், தனக்கு செல் வைத்திருக்கிறார்கள் என்று நம்பியவர்களின் அன்றாட வாழ்க்கை மேலாக இருந்ததாம். ஆக கதிர் சொல்கிற ஒப்பீடு தேவைதான். ஆனால் நாளைக்கு அப்பாவிடம் இப்படி ஒரு படிவத்தை நீட்டினால், 'உங்களுக்கு வெறும் துளையாக இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு' என்பதைத் தமிழில், வீட்டு ஆள் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லட்டும். பின்னால் முறுக்கல் வந்தால் செலவை யார் ஏற்பது என்பதும் அதிலேயே இருக்கவேண்டும்.

வைகைக்கரை:
அதெல்லாம் இருந்தாலும் துளை துளைதானே அக்கா.