எஃப்-150 சூப்பர்கேப்: பின்சீட்டுக்கு அடியில் இரண்டு சப்வூஃபர், முன்சீட்டில் பேஸே கேட்கவில்லை

பேர்லண்ட் வாசி:

வணக்கம். வண்டி 2016 ஃபோர்டு எஃப்-150, சூப்பர்கேப். முன்கதவைத் திறந்தால்தான் பின்கதவு திறக்கும். பின்சீட்டில் பெரியவர்கள் முழங்காலை மடக்கித்தான் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அந்தச் சீட்டில் மளிகைப் பைகள்தான் பயணம் செய்கின்றன. எனவே அதற்கு அடியில் இருக்கும் இடத்தில் 10 அங்குல சப்வூஃபர் (தாழ்ந்த சுரங்களுக்கான பெரிய ஸ்பீக்கர்) இரண்டை வைத்தேன். ஆழம் குறைந்த வகை. ஒவ்வொன்றிலும் 4 ஓம் காயில் (கம்பிச்சுருள்) இரண்டு. பெட்டி கடையில் தயாராக வாங்கியது. மூடிய பெட்டி, கோன் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) தரையைப் பார்த்திருக்கும், உள்வயரிங் எல்லாம் அவர்களே செய்து கொடுத்தார்கள்.

ஆம்ப்ளிஃபையர் ஒற்றைச் சேனல். 4 ஓமில் 300 வாட், 2 ஓமில் 500 வாட். சீட்டுக்குப் பின்னால் உள்ள சுவரில் பொருத்தியிருக்கிறேன். பேட்டரியிலிருந்து 4 கேஜ் வயர், பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி ஃபியூஸ். எர்த் வயரைக் கம்பளத்துக்கு அடியில் தரைத் தகட்டில் ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறேன். வண்டியோடு வந்த ஸ்டீரியோவை மாற்றவில்லை. பின்கதவு ஸ்பீக்கர் வயரிலிருந்து கன்வெர்ட்டர் வழியாகச் சிக்னல் எடுக்கிறேன்.

தொல்லைகள் மூன்று. முதலாவது, ஓட்டுநர் இருக்கையில் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, இல்லை. நாதஸ்வரக் கச்சேரி போட்டால் தவிலின் வலந்தலை தெறிக்கிறது. தொப்பி (தவிலின் இடது பக்கம், தாழ்ந்த ஒலி தருவது) மட்டும் அடுத்த தெருவில் வாசிப்பது போல இருக்கிறது. குனிந்து பெட்டியின் ஓரத்தில் காதை வைத்தால் நன்றாகக் கேட்கிறது. இரண்டாவது, ஒலியைப் பாதிக்கு மேல் கூட்டினால் ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு எரிந்து சில நொடிகள் அணைந்துவிடுகிறது. மூன்றாவது, மிகத் தாழ்ந்த சுரங்களில் பெட்டியிலிருந்து ‘டக் டக்’ என்று ஓசை. பெட்டி வாங்கிய கடையில் கேட்டால் பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்கச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

கெட்டிமேளம்:

சிவப்பு விளக்கு என்றால் மின்சாரம் போதவில்லை என்று பொருள். ஒரு ஃபாரட் கெபாசிட்டர் வாங்கி ஆம்ப்ளிஃபையர் அருகில் போடுங்கள். என் பழைய காரில் ஹெட்லைட் மங்குவது அதனால்தான் நின்றது.

ஓம் விதியார்:

கெபாசிட்டர் விற்பவர்கள் நன்றாக வாழட்டும். இங்கே அதற்கு வேலை இல்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு ஃபாரட் கெபாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12க்கு இறங்கும்போது தருவது 26 ஜூல். 500 வாட் இழுக்கும் ஆம்ப்ளிஃபையர் அதை ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் குடித்துவிடும். அதற்குப் பிறகு கெபாசிட்டரும் ஒரு சுமைதான்.

பேர்லண்ட் தம்பி, எதையும் வாங்காதீர்கள். மல்டிமீட்டர் இருந்தால் இவற்றை அளந்து எழுதுங்கள். பெட்டியின் வயரை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றி, அந்த இரண்டு முனைகளுக்கு இடையே எத்தனை ஓம் என்று பாருங்கள். மீட்டரின் இரு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, அப்போது காட்டும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். குறைந்த ஓமில் அதுவே கணக்கைக் கெடுக்கும். பிறகு இன்ஜினை ஓட விட்டு, ஒலியைக் கூட்டி, பேஸ் அடிக்கும் தருணத்தில் மூன்று இடங்களில் வோல்ட் பாருங்கள்: பேட்டரியில், ஆம்ப்ளிஃபையரின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே, ஆம்ப்ளிஃபையரின் மைனஸிலிருந்து பேட்டரியின் மைனஸ் வரை. கடைசி அளவுக்கு நீளமான வயர் ஒன்று வேண்டும்.

பேஸ் பூஸ்ட் என்று ஒரு திருகு இருந்தால் அதைப் பூஜ்யத்தில் வையுங்கள். 12 டெசிபெல் பூஸ்ட் என்றால் அந்தச் சுரத்தில் ஏறக்குறைய 16 மடங்கு சக்தி கேட்கிறீர்கள்.

ஸ்காபரோ சிவா:

ஐயா சொன்ன அளவுகளோடு இன்னொன்றையும் பாருங்கள். ஒரு சப்வூஃபரின் வயரை மட்டும் கழற்றிவிட்டு, மற்றதை மட்டும் ஓட விடுங்கள். ஒன்று மட்டும் ஓடும்போது பேஸ் கூடினால், இரண்டில் ஒன்றுக்குப் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. கேபினில் எதுவும் மிஞ்சாது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர், உங்கள் கேபினோ அதில் பாதிகூட இல்லை. ஆகவே எங்கே உட்கார்ந்தாலும் கழிந்துபோகும். காதைப் பெட்டியோரம் வைத்தால் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்; அங்கே ஒரு கோன் உங்களுக்கு மற்றதைவிட மிகக் கிட்ட இருக்கிறது, அதனால்தான்.

பேர்லண்ட் வாசி:

இரண்டு பேருக்கும் நன்றி. அளந்துவிட்டேன்.

பெட்டியின் முனைகளில், மீட்டர் வயரைக் கழித்த பிறகு, 0.9 ஓம். பேஸ் அடிக்கும்போது பேட்டரியில் 13.9 வோல்ட், ஆம்ப்ளிஃபையரில் 10.9. ஆம்ப்ளிஃபையர் மைனஸிலிருந்து பேட்டரி மைனஸ் வரை 2.6 வோல்ட்.

சிவா அண்ணா சொன்னபடி இடது சப்வூஃபரைக் கழற்றினேன். பேஸ் கேபினை நிரப்பிவிட்டது! பின்கண்ணாடியே அதிர்ந்தது. ஒன்றைக் கழற்றினால் கூடுகிறது என்பதை நேரில் கேட்டிராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

ஓம் விதியார்:

உங்கள் எண்களிலேயே விடை இருக்கிறது. தொலைந்த 3 வோல்ட்டில் 2.6 எர்த் பக்கம் தொலைகிறது. பிளஸ் வயரில் போவது வெறும் 0.4. வயரையோ பேட்டரியையோ குறை சொல்ல இடமே இல்லை; அந்த ஸ்க்ரூதான்.

2015 முதல் எஃப்-150க்கு உடல் முழுவதும் அலுமினியம், அடிச்சட்டம் மட்டும் எஃகு. அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஆக்ஸைடு படலம் உண்டு; அது மின்சாரத்தைக் கடத்தாது. எஃகு ஸ்க்ரூவை அதில் ஏற்றினால் தொட்டுக்கொண்டிருப்பது ஓரிரு மரைகள்தான். ஈரம் பட்டால் இரண்டு உலோகமும் சேர்ந்து அரிக்கத் தொடங்கும், அரிபடுவது அலுமினியம். உங்கள் டெக்சஸ் வளைகுடாக் கரையின் புழுக்கத்தில் அதற்கு நெடுநாள் தேவையில்லை.

அடுத்தது 0.9 ஓம். 4 ஓம் காயிலை மீட்டரில் அளந்தால் மூன்றரை போலக் காட்டும். அப்படி நான்கையும் இணையாகக் கட்டினால் வருவது இதுதான். பெயரளவில் 1 ஓம். ஓம் குறைந்தால் சுமை கூடும்; உங்கள் ஆம்ப்ளிஃபையர் 2 ஓமுக்குக் கீழே தாங்காது. சிவப்பு விளக்கு எரிவது அதன் நல்ல குணம்; அது அணைந்துகொள்ளாவிட்டால் புகைந்திருக்கும்.

கைவேலைக்காரன்:

எர்த்துக்குக் கவலை எதற்கு? பின்சீட் பெல்ட் போல்ட் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைக் கழற்றி லக்கை (வயர் நுனியில் உள்ள உலோக வளையம்) செருகி முடுக்கினால் ஐந்து நிமிட வேலை. பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஓம் விதியார்:

பலரும் செய்யட்டும். அந்த போல்ட்டின் வேலை விபத்தில் ஒரு உயிரைப் பிடித்து நிறுத்துவது. நடுவே ஒரு செம்பு லக்கைச் செருகினால் முடுக்கும் அளவு மாறும், மரைக்குள் பூசியிருக்கும் பசையும் போகும். அந்தப் பசை இருக்கும்வரை மின்தொடர்பும் சுமார்தான். சீட் பெல்ட், குழந்தை இருக்கையைக் கட்டும் கொக்கி, இரண்டையும் தொடாதீர்கள்.

கையாள எளிது இதுதான்: பிளஸ் போன வழியிலேயே அதே 4 கேஜில் இன்னொரு வயரை இன்ஜின் பக்கம் கொண்டுபோய், பேட்டரியின் மைனஸ் வயர் உடலில் வந்து சேரும் இடத்தில் கட்டுங்கள். பேட்டரியின் மைனஸ் முனையிலேயே கட்டாதீர்கள். அங்கே பேட்டரிக்குள் எவ்வளவு போகிறது, வருகிறது என்று எண்ணும் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாண்டிக் கட்டினால் ஆம்ப்ளிஃபையர் இழுப்பது வண்டியின் கணக்கில் வராமல், சார்ஜ் செய்வதில் தவறும்.

அடிச்சட்டத்தில் கட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். கட்டலாம், உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்து எஃகு பளிச்சென்று தெரிந்த பிறகு, கட்டி முடித்து மேலே கிரீஸோ பெயின்ட்டோ பூச வேண்டும். ஆனால் அதற்காகத் தரையில் துளை போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் பக்கம் இருக்கிறது.

ஸ்காபரோ சிவா:

ஐயா சொல்வதற்கு இங்கே கண்ணால் கண்ட சாட்சி உண்டு. ரொறன்ரோவில் குளிர்காலம் முழுவதும் வீதியில் உப்புப் போடுவார்கள். சப்பாத்தோடு வரும் உப்புத்தண்ணீர் கம்பளத்துக்குள் இறங்கும். அலுமினியத் தரையில் போட்ட எஃகு ஸ்க்ரூ ஒன்றை இரண்டாம் வருடம் கழற்றியபோது சுற்றிலும் வெள்ளை மாவு. விரலால் தட்டினாலே உதிர்ந்தது.

பேர்லண்ட் வாசி:

இன்று பெட்டியைத் திறந்துவிட்டேன். இடது சப்வூஃபரில் சிவப்பு வயர் மைனஸ் முனையில் இருந்தது. சிவா அண்ணா, உறுதி செய்துகொள்ள ஒன்றரை வோல்ட் பேட்டரியையும் தொட்டுப் பார்த்தேன். பெட்டி வயரின் பிளஸ்ஸில் பேட்டரியின் பிளஸ் பட்டதும் வலது கோன் மெல்ல வெளியே வந்தது, இடது உள்ளே போனது. கடைக்காரர் முத்திரை குத்தி ஒட்டிய பெட்டி!

இப்போது ஓம் கேள்வி. 2 ஓமுக்குக் கட்டினால் 500 வாட் கிடைக்கும். எப்படிக் கட்டுவது?

ஓம் விதியார்:

முடியாது. இரட்டை 4 ஓம் காயில் சப்வூஃபர் இரண்டைச் சமமாகக் கட்டினால் வருவது 1, 4, 16, இவ்வளவுதான். 2 வேண்டுமென்றால் இரட்டை 2 ஓம் காயில் வாங்கியிருக்க வேண்டும். அல்லது ஒரே ஒரு 4 ஓம் சப்வூஃபரை மட்டும் வைத்து அதன் காயில்களை இணையாகக் கட்ட வேண்டும்.

ஒவ்வொன்றிலும் காயில் இரண்டையும் தொடராகக் கட்டுங்கள்: முதல் காயிலின் மைனஸிலிருந்து இரண்டாவதின் பிளஸ்ஸுக்கு ஒரு துண்டு வயர். அது 8 ஓம். அப்படி இரண்டு சப்வூஃபரையும் இணையாகச் சேர்த்தால் 4. கிடைப்பது 300 வாட். 500க்கும் 300க்கும் உள்ள வித்தியாசம் காதுக்கு 2 டெசிபெல் சொச்சம். ஒரு கதவை மூடினால் ஈடாகிவிடும். ஒன்றை ஒன்று எதிர்த்த சப்வூஃபர்களால் நீங்கள் இழந்தது அதைவிடப் பல மடங்கு. புது ஆம்ப்ளிஃபையருக்கு வைத்த பணத்தை வீட்டில் கொடுங்கள்.

இர்விங் மலர்:

மூன்றாவது தொல்லையை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அந்த ‘டக் டக்’ என் வண்டியிலும் இருந்தது. தரையைப் பார்த்த கோன் என்றால், தாழ்ந்த சுரத்தில் அதன் ரப்பர் விளிம்பு கம்பளத்தைத் தட்டுகிறதா என்று பாருங்கள். பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் கம்பளத்தில் வட்டமாக ஒரு தடம் தெரியும். தரை சமமாக இருக்காது; நடுவில் மேடு, ஓரத்தில் பள்ளம். மேட்டுப் பக்கத்துக் கோன்தான் முதலில் தட்டும். பெட்டியின் நான்கு மூலையிலும் கடினமான ரப்பர் கால்கள் வைத்து, கோனுக்கும் கம்பளத்துக்கும் ஒன்றே கால் அங்குலமாவது விடுங்கள். சீட் மடங்கி இறங்கும்போது பெட்டியில் இடிக்காத அளவுக்குத்தான் உயர்த்த முடியும். இரண்டுக்கும் நடுவே பேரம் பேச வேண்டியிருக்கும்.

பின்கண்ணாடி அதிர்ந்தது என்றீர்களே, நகரும் கண்ணாடியாக இருந்தால் அதன் தாழ்ப்பாளில் கொஞ்சம் நுரைப்பட்டை ஒட்டுங்கள். பின்சுவருக்கு அதிர்வுத் தடுப்புப் பட்டை ஒட்டுவதாக இருந்தால், கேபின் காற்று வெளியேறும் துவாரங்களை மூடிவிடாதீர்கள். மூடினால் கதவை ஓங்கி அடித்தால்தான் சாத்த முடியும். மழைக்காலத்தில் கண்ணாடியும் புகைபோலப் பூத்துக்கொள்ளும்.

பேர்லண்ட் வாசி:

மலர் அக்கா, தடம் இருக்கிறது! வலது பக்கத்தில், பிறை வடிவில். கம்பள நூலெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருக்கிறது.

கால்கள் வைத்தாகிவிட்டது, பெட்டி 4 ஓமுக்கு மாறிவிட்டது, எர்த் வயர் இன்ஜின் பக்கம் போய்விட்டது. இப்போது ஆம்ப்ளிஃபையர் மைனஸிலிருந்து பேட்டரி மைனஸ் வரை 0.2 வோல்ட், முக்கால் அளவு ஒலியிலும் சிவப்பு விளக்கு எரியவில்லை. தொப்பி வந்துவிட்டது. மனைவி முன்சீட்டில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, இதைக் குறைக்க எந்தத் திருகு என்று கேட்டார்.

சான் அன்டோனியோ ராஜ்:

இதே இழையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என்னுடையது செவ்ரலே சில்வராடோ டபுள் கேப். வயரிங் எல்லாம் சரி. பாட்டே போடாதபோது, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் சப்வூஃபர் தானாக ‘ஊம்’ என்று உறுமுகிறது. இதுவும் எர்த்தா?

ஸ்காபரோ சிவா:

எர்த் குறை என்றால் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் மெல்லிய சீழ்க்கையாக இருக்கும். தாழ்ந்த உறுமல் வேறு சங்கதி. இன்ஜின் இரைச்சலை அடக்குவதற்காகச் சில வண்டிகளில் கூரைத் துணிக்குள் மைக் வைத்து, எதிரான ஒலியை ஸ்பீக்கர் வழியே அனுப்புவார்கள். தொழிற்சாலை ஸ்பீக்கருக்கென்று அளந்த ஒலி உங்கள் சப்வூஃபரில் போனால் அடக்குவதற்குப் பதில் கூட்டிவிடும். உறுமும் வேகத்தில் போகும்போது பக்கத்தில் இருப்பவரிடம் சப்வூஃபரை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள். உடனே நின்றால், கூரையில் சிறு துளைகள் இருக்கின்றனவா பாருங்கள். அந்த மைக் இணைப்பைக் கழற்றினால் அடங்கிவிடும். இன்ஜின் சத்தம் முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகக் கேட்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.