பரண் பெட்டி விவகாரம்

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைகள்

சனிக்கிழமை

பெரியம்மா (கோத்தகிரி): பரணில் இருந்ததை எல்லாம் ஆள் வைத்து இறக்கிவிட்டேன். இரும்புப் பெட்டி இரண்டு, அட்டைப் பெட்டி ஒன்று, அப்புறம் கூடலூரில் இருந்து எப்போதோ வந்த ஒரு சாக்கு. அத்தனையும் பிள்ளைகள் துணி. பொங்கல் கழிந்து வெயில் நன்றாக அடிக்கிறது. இப்போது விட்டால் அப்புறம் அடுத்த மழைதான். யாருக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள்.

பெரியம்மா: படம் அனுப்பியிருக்கிறேன், தெரிகிறதா?

அண்ணன் (ஊட்டி): தெரிகிறது பெரியம்மா. அந்த மஞ்சள் குல்லா என்னுடையதுதானே?

பெரியம்மா: முதலில் உன்னுடையது. அப்புறம் உன் தம்பி, செல்வி மகன், கூடலூர்ப் பெண் என்று சுற்றி வந்துவிட்டது. இன்னும் ஒரு நூல் பிரியவில்லை பார்.

திருப்பூர் தம்பி: அண்ணன் தலை அளவுக்குப் பின்னியதால்தான் எல்லோருக்கும் சேர்ந்தது.

சுதா (கோவை): பெரியம்மா, எனக்குப் பங்குனிக்கு நாள் சொல்லியிருக்கிறார்கள். சின்ன அளவு எல்லாம் எனக்கு எடுத்து வைப்பீர்களா? கேட்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

சித்தி (மேட்டுப்பாளையம்): இதில் என்னடி கூச்சம். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடுகிற வழக்கமே நம் வீட்டில் கிடையாது. தாத்தா கட்டிப் பழசான வேட்டியைக் கிழித்துத்தான் உன்னைச் சுற்றிக்கொண்டு வந்தோம்.

பெரியம்மா: சுதாவுக்கு இல்லாததா. பொடிசு எல்லாம் ஒரு பெட்டியாகவே கட்டித் தருகிறேன் கண்ணு.

அண்ணி (ஊட்டி): பெரியம்மா, பெட்டிக்குள் அந்துருண்டை போட்டிருந்தீர்களா?

பெரியம்மா: போடாமல்? கை நிறைய அள்ளிப் போட்டேன். இல்லாவிட்டால் இந்நேரம் துணி சல்லடையாகி இருக்கும்.

அண்ணி: அப்படியானால் அந்தப் பெட்டித் துணி கைக்குழந்தைக்கு வேண்டாம். பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். சில குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுவில் ஜி6பிடி என்கிற ஒரு நொதி குறைவாக இருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்துருண்டையில் இருப்பது நாப்தலின். அதன் ஆவி துணியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்தத் துணியை அப்படியே எடுத்துப் போட்டால், குறைபாடு உள்ள குழந்தைக்குச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகிவிடும். நாம் வேறு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவோம். எண்ணெய்ப் பசை இருக்கிற தோலில் நாப்தலின் இன்னும் சுலபமாக உள்ளே இறங்கும். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருவது சாதாரணம் என்று நாமும் பேசாமல் இருந்துவிடுவோம். அதுதான் ஆபத்து.

அம்மா: உங்களை எல்லாம் அந்த உருண்டைத் துணியில்தானே வளர்த்தோம்.

அண்ணி: குறைபாடு இல்லாதவர்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது அத்தை. ஆனால் யாருக்கு இருக்கிறது என்று பிறக்கும் முன்பே நமக்குத் தெரியாதே.

பெரியம்மா: சரிம்மா, புரிகிறது. பொடிசுகள் பெரும்பாலும் அட்டைப் பெட்டியில்தான் இருக்கின்றன. அதில் உருண்டை போடவில்லை, வேப்பிலைதான். ஆனால் வேப்பிலை எல்லாம் தூளாகிக் கிடக்கிறது.

அண்ணி: அது போதும். நன்றாக அலசிக் காயப் போட்டால் சுதாவுக்குக் கொடுக்கலாம். இரும்புப் பெட்டித் துணி மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத்தானே? துவைத்து, வாசனை சுத்தமாகப் போகும்வரை வெயிலில் போடுங்கள். இனிமேல் எந்தப் பெட்டியிலும் உருண்டை வேண்டாம்.

மாமா (கூடலூர்): அப்போ பூச்சிக்கு என்ன வழி? நீலகிரித் தைலம் தெளிக்கலாமா?

அண்ணி: கைக்குழந்தைத் துணியில் அதுவும் வேண்டாம் மாமா.

சித்தி: வசம்பைத் துணியில் முடிந்து போடுங்கள். எங்கள் வீட்டில் அதுதான்.

திருப்பூர் தம்பி: வாசனை எல்லாம் கொசுறுதான் சித்தி. அழுக்கு, வியர்வை, பால் கறை இல்லாமல் வைப்பதுதான் பாதுகாப்பு. முக்கியமாகக் கஞ்சி போட்ட துணியை உள்ளே வைக்கவே கூடாது. பூஞ்சைக்கும் அது சாப்பாடு, வெள்ளிமீன் பூச்சிக்கும் அது சாப்பாடு.

பெரியம்மா: ஸ்வெட்டரில் ஓட்டை விழுந்திருக்கிறதே, அதற்கு எங்கே கஞ்சி போட்டேன்?

திருப்பூர் தம்பி: அது அந்துப்பூச்சியின் புழு. அது கம்பளி தின்கிற ஜாதி. எந்த ஸ்வெட்டரில் ஓட்டை என்று பாருங்கள். நீங்கள் கையால் பின்னிய கம்பளியில் இருக்கும், கடையில் வாங்கிய அக்ரிலிக்கில் இருக்காது.

பெரியம்மா: ஆமாம்! நான் பின்னியதில் மட்டும்தான்.

அண்ணன்: பூச்சிக்கும் பெரியம்மா கைவேலைதான் ருசிக்கிறது.

அண்ணன்: ஆனால் ஒரு சந்தேகம். ஊட்டியில் காலையில் புல் எல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. இந்தக் குளிரில்கூட அந்தப் புழு சாகாதா?

திருப்பூர் தம்பி: சாகாது அண்ணா. உறைபனி என்பது பூஜ்யத்துக்குப் பக்கம்தான். வீட்டுக்குள் அதுகூட இல்லை. ஃப்ரீசர் என்றால் மைனஸ் 18. காய்ந்த கம்பளியைக் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் முட்டையோடு போய்விடும்.

மாமி (கூடலூர்): ஃப்ரீசரில் மீனுக்கே இடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை

பெரியம்மா: கூடலூர்ச் சாக்கைப் பிரித்தேன். ஐயோ. பாதித் துணியில் கரும்புள்ளி. தேய்த்தாலும் போகவில்லை.

மாமா: அக்கா, அது ஆடி மாதம் கட்டிய சாக்கு. எங்கள் பக்கம் ஜூனில் பிடிக்கிற மழை செப்டம்பர்வரை விடாது. சுவரே வியர்க்கும். அடுப்படிக் கொடியில் காய்ந்த மாதிரிதான் இருந்தது.

அம்மா: காய்ந்த மாதிரி இருப்பது வேறு, காய்வது வேறு. இடுப்புப் பட்டையையும் பாக்கெட் மூலையையும் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

நான்: அதோடு வெயிலில் இருந்து எடுத்த சூட்டோடு மடித்து மூடவும் கூடாது. உள்ளே வியர்த்துவிடும். நிழலில் ஆறவிட்டு அடுக்க வேண்டும். இங்கே குன்னூரில் பத்து மணிக்குப் போட்டு மூன்று மணிக்குள் எடுத்துவிடுகிறோம். அதற்கு மேல் மூடுபனி வந்தால் காய்ந்த துணியும் ஈரமாகிவிடும்.

சுதா: அக்கா, கரும்புள்ளி இருப்பதை வினிகரில் ஊறவைக்கலாமா?

நான்: பூஞ்சை வாடை போகும். கறை அப்படியே இருக்கும். பழசாகிப்போன கரும்புள்ளியோடு மல்லுக்கட்டாதே. அவற்றைத் தனியே எடுத்துவிடலாம். மற்ற துணியோடு கலந்து வைக்கவே வேண்டாம்.

பெரியம்மா: பொடிசுகளில் கழுத்துப் பக்கம் மஞ்சள் மஞ்சளாக இருக்கிறது. வைக்கும்போது பளிச்சென்றுதான் வைத்தேன்.

அம்மா: பால் கக்கியது அக்கா. துவைத்தபோது கண்ணுக்குத் தெரியாமல் தங்கியது, கிடக்கக் கிடக்கப் பழுத்துவிடும். வெந்நீரில் போட்டுவிடாதே, இறுகிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துச் சோப்பு போட்டு, ஈரத்தோடு வெயிலில் விரி. வெயிலே முக்கால்வாசி எடுத்துவிடும்.

திருப்பூர் தம்பி: இப்போது அளவு விஷயம். பெரியம்மா, வயது பார்த்துப் பிரிக்காதீர்கள். ஒரு கம்பெனி ஆறு மாதம் என்று போடுவதை இன்னொரு கம்பெனி ஒன்பது மாதம் என்று போடும். எக்ஸ்போர்ட் மிச்சத்தில் வந்த துணிகளின் கழுத்தில் 56, 62, 68, 74, 80, 86, 92 என்று இருக்கும் பாருங்கள். அது குழந்தையின் உயரம், சென்டிமீட்டரில். ஆறு ஆறாக ஏறும். 56 பிறந்த சமயம், 68 ஏறக்குறைய ஆறு மாதம், 80 ஒரு வயது, 92 இரண்டு வயது. சீட்டு இல்லாத துணியை, சீட்டு இருக்கிற ஒன்றின் மேல் விரித்துப் பாருங்கள். நீளம் ஒத்துவந்தால் அதே கட்டு.

பெரியம்மா: இத்தனை நாள் அதை விலை என்று நினைத்தேன்.

சித்தி: நான் துணியின் அடக்க விலை என்று நினைத்தேன் அக்கா!

அண்ணன்: 56 ரூபாய்க்கு யார் தருகிறார்கள், சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

மாமி: நான் ஒன்று கேட்கலாமா? யாரையும் குறை சொல்லவில்லை. பாப்பாவின் அரக்குப் பட்டுப் பாவாடை. என் அண்ணன் சீராக எடுத்தது. ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளக் கொடுத்தேன். திரும்பி வரவே இல்லை.

மாமா: இப்போது எதற்கு அது?

மாமி: இப்போதுதான் துணிப் பேச்சு நடக்கிறது. இப்போது கேட்காமல் எப்போது கேட்பது?

அம்மா: கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. கொடுக்கும்போது "வைத்துக்கொள்" என்று கொடுத்ததா, "போட்டுவிட்டுக் கொடு" என்று கொடுத்ததா என்று வாங்குகிறவர்களுக்குத் தெரிவதில்லை. வாயைத் திறந்து கேட்கவும் மாட்டார்கள். நம் வீட்டில் பாதி மனத்தாங்கல் இதில்தான் வந்திருக்கிறது.

பெரியம்மா: அரக்குப் பாவாடை, பச்சைக் கரையா? இரண்டாவது இரும்புப் பெட்டியில் அடியில் இருக்கிறது. யார் கொண்டுவந்து வைத்தது என்று ஆராய வேண்டாம். ஜரிகை கொஞ்சம் கறுத்திருக்கிறது. பிளாஸ்டிக் கவரில் சுற்றி இருக்கிறது, அதுதான் காரணம்.

மாமி: கிடைத்ததே போதும் பெரியண்ணி. கவரை எடுத்துவிட்டு வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். ஜரிகை உள்பக்கமாக இருக்கட்டும். மடிப்பை மட்டும் அவ்வப்போது மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மடித்த இடத்திலேயே விட்டுப்போகும்.

நான்: ஒரு யோசனை. திரும்பி வர வேண்டிய துணி என்றால் உள்பக்கத் தையலில் சிவப்பு நூலில் இரண்டு தையல் போட்டுக் கொடுப்போம். நூல் இல்லாதது சுற்றுக்கு விட்டது. அது யாரிடம் போனாலும், கிழிந்தாலும், தொலைந்தாலும் யாரும் கேட்கக் கூடாது.

மாமி: இது நல்லது.

அண்ணி: மிக நல்லது. என் அம்மா பின்னிக் கொடுத்த நீல ஸ்வெட்டருக்கு இன்றைக்கே நூல் போடப் போகிறேன்.

அண்ணன்: என் சட்டைக்கும் ஒன்று போடு. தம்பி எடுத்துக்கொண்டு போகிறான்.

பெரியம்மா: சரி, பிரித்தாயிற்று. எல்லாவற்றையும் திரும்ப வைக்கப் பெட்டி போதவில்லை. இன்னும் இரண்டு வாங்கட்டுமா?

நான்: வாங்காதீர்கள் பெரியம்மா. ஓர் அளவுக்கு ஒரு பைதான், அதற்குள் அடங்குகிறதுதான் கணக்கு. மலையில் துணி பெட்டிக்குள் கிடக்கக் கிடக்கக் கெடத்தான் செய்யும். பிள்ளைகள் உடம்பில் இருந்தால் வாரத்துக்கு இரண்டு முறை துவைத்து வெயில் பார்க்கும். நடுவில் போட்டுக்கொள்ள ஆள் இல்லாத வருஷத்துக்கு மட்டும்தான் பெட்டி. மற்றது எல்லாம் இப்போதே கைமாறட்டும்.

பெரியம்மா: உங்கள் எல்லோர் துணியும் இருக்கிறது கண்ணு. மனசு வர வேண்டாமா?

அம்மா: ஆளுக்கு ஒன்று நினைவுக்கு வைத்துக்கொள் அக்கா. அதை யாரும் கேட்க மாட்டோம்.

பெரியம்மா: ஆளுக்கு இரண்டு.

நான்: சரி, இரண்டு.

அண்ணி: மிச்சத்தில் நல்லதாக இருப்பதை எஸ்டேட் லயத்தில், அதுதான் தொழிலாளர் வீட்டு வரிசையில், கேட்டுக் கொடுக்கலாம். எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்கிற அக்காவின் தங்கை வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அம்மா: பித்தான் தைத்து, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். நம் பிள்ளைக்குப் போட யோசிக்கிற துணியை அங்கே தள்ளிவிடக் கூடாது. கரும்புள்ளி வந்ததை மிதியடியும் கரித்துணியும் ஆக்கிவிடலாம்.

நான்: பள்ளி ஸ்வெட்டர் மட்டும் எக்கச்சக்கமாக இருக்கும். அரசுப் பள்ளியில் மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் கொடுத்துவிடுகிறார்கள். தனியார் பள்ளியில் நிறத்துக்கு நிறம் வேறு. அந்தந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளை வீட்டுக்கே கேட்டுக் கொடுத்துவிடுவோம், சேர்த்து வைக்க வேண்டாம்.

மாமா: அப்போ பை எங்கே இருக்கப் போகிறது? எங்கள் வீட்டில் ஆடி மழை. அக்கா வீட்டிலும் குன்னூரிலும் ஐப்பசி, கார்த்திகை மழை. எங்கே வைத்தாலும் ஒரு பருவம் போய்விடும்.

சித்தி: மேட்டுப்பாளையத்தில் வையுங்கள் அண்ணா. மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. குன்னூர்ப் பாதையில் வந்தாலும் கோத்தகிரிப் பாதையில் வந்தாலும் எங்கள் ஊரைத் தாண்டித்தானே போக வேண்டும்.

அம்மா: உன் வீட்டில் கரையான் உண்டே.

சித்தி: மர அலமாரியில் வைக்க மாட்டேன். அக்காவின் இரும்புப் பெட்டியையே கீழே அனுப்பட்டும். செங்கல் மேல் ஏற்றி, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வைக்கிறேன்.

திருப்பூர் தம்பி: பருத்தி எல்லாம் சித்தி வீட்டுக்குப் போகட்டும். கம்பளி மலையிலேயே இருக்கட்டும், தேவையே அங்கேதானே. ஒரே தொந்தரவு, மாடி அறைச் சூட்டில் எலாஸ்டிக் சீக்கிரம் செத்துப்போகும். மலையில் வைத்தாலும் நாள்பட்டால் சாகத்தான் போகிறது. அதனால் வைக்கும்போது மாற்ற வேண்டாம், எடுக்கும்போது மாற்றுங்கள். ஊக்கு, பின் எதுவும் குத்தி வைக்காதீர்கள், துரு இறங்கிவிடும்.

அண்ணன்: பைக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் வாங்கி வரச் சொல்லட்டுமா?

நான்: மலைக்குப் பிளாஸ்டிக் பை கொண்டுவந்தால் கல்லாற்றிலோ குஞ்சப்பனையிலோ சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். அதில் வைத்தால் உள்ளே ஈரம் வேறு நிற்கும்.

திருப்பூர் தம்பி: நான் கட்டிங் மிச்சத்தில் பனியன் துணிப் பை தைத்துக் கொண்டுவருகிறேன். வாய் சுருக்கு நாடா. வெளியே உயரத்தை மார்க்கரில் எழுதிவிடலாம்.

பெரியம்மா: வரும் ஞாயிறு எல்லோரும் கோத்தகிரிக்கு வந்துவிடுங்கள். சுதா, நீ மலை ஏற வேண்டாம். தம்பி உன் பையை இறக்கிக்கொண்டு வருவான்.

சுதா: 56இல் இருந்து 74வரை போதும் பெரியம்மா. அந்த மஞ்சள் குல்லா எனக்குக் கிடைக்குமா?

அண்ணன்: கோவை வெயிலில் குல்லாவா!

பெரியம்மா: அதற்குச் சிவப்பு நூல் போட்டாயிற்று. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு வரும்போது போட்டுவிடு, போகும்போது கழற்றிக் கொடுத்துவிட்டுப் போ.

மாமி: ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வருகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். கூடலூரில் இருந்து நாங்கள் நான்கு பேர். சமையலுக்கு நான் கோழி கொண்டுவருகிறேன்.

திருப்பூர் தம்பி: நான் ஒருவன். எலாஸ்டிக் கால் அங்குலம், அரை அங்குலம் இரண்டும் எடுத்து வருகிறேன். பெரியம்மா, தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டு வையுங்கள்.