மன்னார்த் தீவில் கடலைப் பார்த்தபடி ஒரு வீடு: வாங்கலாமா?

குருமன்காட்டு ரீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கம் பிறந்து, வவுனியாவில் முப்பது வருடம் படிப்பித்து, போன வருடம் ஓய்வு பெற்றவள் நான். குளத்தோடும் வயலோடும் வளர்ந்த ஆள். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகும்போது எட்டிப் பார்க்கிற நந்திக்கடல்தான் எனக்குத் தெரிந்த கடல். என்றாலும் கடைசிக் காலத்தில் அலைச் சத்தம் கேட்டபடி இருக்க வேண்டும் என்று ஒரு ஆசை.

போன மாதம், பங்குனி நடுவில், மன்னார்த் தீவின் தென்கரையில் ஒரு வீடு பார்த்தோம். 20 பேர்ச் காணி, மூன்று அறை, கடலைப் பார்த்த விறாந்தை. கட்டிப் பத்து வருடமாம். விலை 65 லட்சம். கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. முன்னுக்கு இருந்த மண் திட்டியை வெட்டிக் கொடிகளையும் இழுத்துத் துப்புரவாக்கி வைத்திருக்கிறார்கள், கட்டிலில் படுத்திருந்தாலே கடல் தெரிகிறது. கிணற்றுத் தண்ணீரும் குடித்துப் பார்த்தேன், நல்ல தண்ணீர்தான்.

இரண்டு விஷயம் உறுத்துகிறது. வளவுக்குள்ளால் ஒரு ஒற்றையடிப் பாதை கடலுக்குப் போகிறது. முன்னால் மீன்பிடிக்கிறவர்கள் தங்குகிற இரண்டு கிடுகு வாடியும் உண்டு. மதில் கட்டினால் பாதை அடைபட்டுவிடும், வாடிகளையும் கிளப்பிவிடலாம் என்று தரகர் லேசாகச் சொல்கிறார். காசு போடுவது கனடாவில் இருக்கும் மகன். அவனுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டது. தன் பெயரில் காணி உறுதி எழுதச் சொல்கிறான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

எருக்கலம்பிட்டிப் பெடியன்:

ரீச்சர், கழுதையைப் பற்றி யாரும் சொல்லவில்லையா? மன்னாரில் கழுதைகள் தாங்களாகவே ஊர் சுற்றும். கேற்றைச் சாத்தாமல் விட்டால் காலையில் உங்கள் விறாந்தையில் நாலு நிற்கும். பூக்கன்று வைக்கிற யோசனை இருந்தால் இப்போதே மறந்துவிடுங்கள்.

பேசாலை மேசன்:

ரீச்சருக்கு வணக்கம். நான் முப்பது வருடமாக மேசன் வேலை, அதற்கு முன்னம் அப்பாவோடு கரைவலை இழுத்தவன். ஆகவே வீட்டைப் பற்றியும் சொல்வேன், கரையைப் பற்றியும் சொல்வேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பங்குனியில் தென்கரைக் கடல் குளம் மாதிரித்தான் கிடக்கும். அந்த மாதத்தில் கண் தெரியாதவனும் கடற்கரை வீடு விற்பான். வைகாசியில் சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, பிடிக்கட்டும், அப்புறம் போய் அந்த விறாந்தையில் ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள். தேத்தண்ணிக்குள் மண் விழும். ஆவணி முடியும்வரை அந்தப் பக்கத்து யன்னலைத் திறக்க மாட்டீர்கள். சும்மாவா அந்தக் கரையில் 30 காற்றாலைகளை நட்டார்கள்? 103.5 மெகாவாட் கொடுக்கிற காற்று உங்கள் கூரை ஓட்டையும் தூக்கிப் பார்க்கும். வடகரையில் வாங்கினால் தப்பலாம் என்று நினைக்காதீர்கள், அங்கே மாரியில் வாடை அடிக்கும். கரை மாறிக் கரை போய்த் தொழில் செய்வது எங்களுக்குப் பழக்கம். வீட்டைத் தூக்கிக்கொண்டு மாற முடியாதே.

கிணறு. தீவில் மழைத் தண்ணீர்தான் மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே எண்ணெய் மாதிரி மிதக்கிறது. மாரி முடிந்த கையோடு எந்தக் கிணறும் இனிக்கும். புரட்டாசியில் ஒரு மிடறு குடித்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். ஆழமாகக் குழாய் இறக்கி மோட்டர் போட்டு உறிஞ்சுகிற வீடென்றால் உப்பு மேலே ஏறிவிடும், ஏறினது லேசில் இறங்காது. மலசலகூடக் குழி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். மணல் எதையும் பிடித்து வைக்காது.

இனி வீடு. விறாந்தைத் தூணின் அடியில், கரண்டைக்கால் உயரத்தில், மண்ணிறக் கோடு ஏதும் ஓடுகிறதா? திறப்புக் கோர்வையால் தூணை மெல்லத் தட்டுங்கள். ‘டங்’ என்றால் சரி, ‘டொக்’ என்றால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கிப் பூச்சைத் தள்ளுகிறது. பத்து வருடத்தில் அப்படி ஆகியிருந்தால் கடல் மண்ணைக் குழைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் நான் நினைப்பேன். அருவியாற்று மண்ணை டிப்பரில் தீவுக்கு வருகிற தாம்போதிப் பாதை தாண்டிக் கொண்டுவரச் செலவு அதிகம், வாசலிலேயே மண் சும்மா கிடக்கிறது, மனம் கேட்குமா? அதற்கு மேல் எத்தனை தரம் பெயின்ற் அடித்தாலும் உப்பு உள்ளே இருந்துதான் வேலை செய்யும். கூரையில் பனஞ்சிலாகை போட்டிருந்தால் நல்லது, பனை உப்புக்கு அசையாது. பிணைச்சல், ஆணி, கொண்டி எல்லாம் மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும், அதைக் கணக்கில் வையுங்கள்.

எனக்கு வயிறு எரிந்தது அந்த மண் திட்டியைப் பற்றிப் படித்தபோதுதான். அவர்கள் இழுத்துப் போட்ட கொடி அடம்பன். அடம்பனும் இராவணன் மீசையும்தான் மணலைக் கட்டிப் பிடித்துத் திட்டியாக்குகின்றன. காசு கொடுத்துக் கட்ட முடியாத மதில் அது. 1964 மார்கழியில் தனுஷ்கோடியை அழித்த புயல் எங்கள் தலைமன்னாரையும் விடவில்லை. அப்பாவுக்கு அப்போது பதினொரு வயது. திட்டிக்குப் பின்னால் இருந்த பனங்கூடலுக்குள் ஓடித்தான் தப்பினோம் என்று சாகும்வரை சொல்வார். உங்கள் தரகர் அதை வெட்டிவிட்டுக் கடல் தெரிகிறது என்கிறார். ஓம், கடலுக்கும் உங்கள் கட்டில் தெரியும்.

பாதையும் வாடியும். தாழ்வுபாடு என்ற ஊர்ப் பெயரிலேயே ‘பாடு’ இருக்கிறது. கரைவலை இழுக்கிற கரைத் துண்டுக்குப் பாடு என்று பேர். அதற்கு மீன்பிடித் திணைக்களத்து அனுமதிப்பத்திரம் இருக்கும், பரம்பரை பரம்பரையாக வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி இருப்பார். உங்கள் உறுதியில் கடல் எல்லை என்று எழுதியிருந்தாலும் கரை உங்களுடையது ஆகாது. அந்தப் பாதையால்தான் பெண்கள் மீன் கூடை கொண்டு வருவார்கள். அதை அடைத்தால் ஊரில் ஒருவரும் உங்களோடு சண்டைக்கு வரமாட்டார்கள், பேசவும் மாட்டார்கள். இரவில் நெஞ்சு நொந்தால் ஓட்டோ பிடித்துத் தர ஆள் வேண்டாமா?

முருங்கன் லிகிதர்:

உறுதி எழுதுகிற நொத்தாரிசு ஒருவரிடம் வேலை செய்கிறேன். மேசன் அண்ணை சொன்னதோடு கடதாசிப் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன்.

மகன் பெயரில் முடியாது, அம்மா. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தபோது இலங்கைக் குடியுரிமை போயிருக்கும். இரட்டைக் குடியுரிமை எடுக்காவிட்டால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கும். உங்கள் பெயரில் வாங்குங்கள். பிறகு அது முதுசமாக அவருக்குப் போகத் தடையில்லை.

உறுதிக் காணியா, அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணியா என்று முதலில் கேளுங்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் செல்லாது. சத்தியக் கடதாசி எழுதி விற்பவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கடதாசியில் வறுத்த கடலை சுற்றலாம்.

உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் கட்டக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இருக்கிற வீட்டுக்கே அது எடுத்தார்களா என்று பாருங்கள். மதிலுக்கும் கேட்பார்கள்.

இன்னொன்று. 1990 ஐப்பசியில் இந்தத் தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சனங்களின் காணிகள் கைமாறிக் கைமாறி இன்றும் வழக்கில் கிடக்கின்றன. பத்து வருடம் ஆண்டோம், எங்களுடையது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். இடம்பெயர்ந்திருந்தவர்களுக்கு எதிராக அந்தக் கணக்கு ஓடக்கூடாது என்று 2016இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். பழைய உரித்தாளர் புத்தளத்தில் இருக்கலாம். கிராம சேவகரைக் கேளுங்கள், பள்ளிவாசலிலும் கேளுங்கள்.

குருமன்காட்டு ரீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை இவரையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போனேன், தரகருக்குச் சொல்லாமல். நாலு தூணில் இரண்டு ‘டொக்’. ஒன்றின் அடியில் பூச்சு ரொட்டி மாதிரிக் கையோடு வந்தது, உள்ளே கம்பி தாள் தாளாகப் பிரிந்து கிடந்தது. படம் போட்டிருக்கிறேன்.

நாங்கள் படியில் இருக்கும்போதே ஒரு வயதான அம்மா கூடையோடு அந்தப் பாதையால் வந்தார். நின்று, “நீங்களோ வாங்கப் போறது? மதில் கட்டுவியளோ?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. எனக்குப் பதில் வரவில்லை. நாலு சூடை மீனை ஒரு தாளில் சுற்றித் தந்துவிட்டுப் போனார்.

உறுதியின் பிரதியைக் கேட்டேன், தரகர் நாளைக்கு நாளைக்கு என்கிறார். மகனுக்கு இன்னும் சொல்லவில்லை. ஊருக்குள்ளே, கடலிலிருந்து ஒரு கிலோமீற்றர் தள்ளி, பழைய நாட்டு ஓட்டு வீடொன்று இருக்கிறதாம். அலைச் சத்தம் கேட்குமா?

பேசாலை மேசன்:

படம் பார்த்தேன் ரீச்சர். அந்தத் தூணைத் திருத்த முடியாது, உடைத்துக் கட்டத்தான் வேண்டும். இரண்டு தூண் அப்படி என்றால் பீமும் அப்படித்தான். 65 லட்சத்துக்குக் காணியை மட்டும் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள்.

ஓட்டு வீட்டைப் போய்ப் பாருங்கள். சோளகத்தில் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு கிலோமீற்றர் தள்ளியும் நன்றாகக் கேட்கும். திறப்புக் கோர்வையை மறக்காமல் கொண்டு போங்கள்.