ஐ.எஸ்–எல்.எம் கணக்கு: பெருக்கி 5 என்றால் விடை ஏன் 200 கூடவில்லை?

தண்டையார்பேட்டை_பிஏ

பி.ஏ. பொருளாதாரம், நாலாவது செமஸ்டர், மேக்ரோ தாள். ஐ.எஸ். என்பது பொருள் சந்தை சமநிலையில் இருக்கும் வருமானம்–வட்டி சேர்க்கைகளின் கோடு, எல்.எம். என்பது பணச் சந்தைக்கு அதே மாதிரிக் கோடு. கணக்கு இது:

நுகர்வு = 100 + 0.8 × (வருமானம் − வரி)
முதலீடு = 300 − 20 × வட்டி
அரசுச் செலவு 200, வரி 150
பணத்தேவை = 0.5 × வருமானம் − 50 × வட்டி
உண்மைப் பண அளிப்பு 800

சமநிலையில் வருமானம் 2000, வட்டி 4. இதுவரை சரி. அடுத்து அரசுச் செலவு 40 கூடுகிறது. பெருக்கி (செலவு 1 கூடினால் வருமானம் எவ்வளவு கூடும் என்பது) 1 ÷ (1 − 0.8) = 5, அதனால் 200 கூடி 2200 வரணும். விடையில் 2100 என்று இருக்கு. எது சரி?

இன்னொண்ணு. புத்தகத்தில் எல்.எம். மேலேறும் கோடு. நிஜத்தில் ரெப்போ வட்டியை (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டி) ரிசர்வ் வங்கியே அறிவிக்குது. அப்படின்னா எல்.எம். எதுக்கு? அண்ணன்மார் யாராவது சொல்லுங்க.

கொருக்குப்பேட்டை_கணக்கு

2100தான் சரி, தம்பி. பெருக்கி 5 தப்பில்லை, ஆனா அது வட்டி அசையாமல் இருந்தால் மட்டும் செல்லும். உங்க கணக்கில் அசையாமல் இருப்பது வட்டி இல்லை, பண அளிப்பு 800.

முதலில் பொருள் சந்தை. எல்லாத்தையும் கூட்டினால் வருமானம் = 0.8 × வருமானம் + 480 − 20 × வட்டி. அதாவது வருமானம் = 2400 − 100 × வட்டி. இது ஐ.எஸ். பணச் சந்தையில் 800 = 0.5 × வருமானம் − 50 × வட்டி, அதாவது வருமானம் = 1600 + 100 × வட்டி. இது எல்.எம்.

செலவு 40 கூடினால் ஐ.எஸ். 2600 − 100 × வட்டி ஆகும். கோடு வலப்பக்கம் நகர்ந்த தூரம் 200. உங்க பெருக்கி சொல்வது அந்த நகர்வைத்தான், புதுச் சமநிலையை இல்லை. எல்.எம்.முடன் சேர்த்துத் தீர்த்தால் வட்டி 5, வருமானம் 2100.

மீதி 100 எங்கே போச்சு? வருமானம் கூடினால் பணத்தேவை கூடும். அளிப்பு அதே 800. பணம் வேணும்னு ஆட்கள் பத்திரத்தை விற்பார்கள், பத்திர விலை இறங்கும், வட்டி ஏறும். வட்டி 1 ஏறியதில் முதலீடு 20 குறைந்தது. 20 × 5 = 100. இதுதான் கிரவுடிங் அவுட், அதாவது அரசுச் செலவு வட்டியை ஏற்றி தனியார் முதலீட்டைக் குறைப்பது. இந்தச் சங்கிலியை வாக்கியமாக எழுதாமல் வெறும் படம் போட்டு விட்டால் மார்க் அங்கேதான் போகும். படத்தில் பழைய புள்ளி, புதுப் புள்ளி இரண்டுக்கும் பெயர் வையுங்க.

கடைசியா சரிபார்ப்பு: நுகர்வு 1660, முதலீடு 200, அரசு 240. கூட்டினால் 2100. கூட்டுத்தொகை பொருந்தலைன்னா எங்கேயோ வரியைக் கழிக்க மறந்திருப்பீங்க. பெரும்பாலும் அந்த 0.8 × 150 = 120தான் விடுபடும்.

ராயபுரம்_ரெப்போ

இரண்டாவது கேள்விக்கு வர்றேன். அதே கணக்கில் ரிசர்வ் வங்கி வட்டியை 4-லேயே வைக்க முடிவு பண்ணட்டும். புது ஐ.எஸ்.-இல் வட்டி 4 என்று போட்டால் வருமானம் 2200. நீங்க முதலில் சொன்ன எண்! ஆனா அதுக்குப் பண அளிப்பு 0.5 × 2200 − 200 = 900 ஆகணும். அந்த 100-ஐ அவங்க உள்ளே விட்டாகணும். எல்.எம். இங்கே படுத்த கோடு. ஆக, வங்கி எதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று கேள்வியில் தேடுங்க. பண அளிப்பு மாறவில்லை என்று இருந்தால் மேலேறும் கோடு, வட்டி மாறவில்லை என்று இருந்தால் படுத்த கோடு.

நிஜத்தில் நடப்பது இரண்டாவதுக்குப் பக்கம். 2016-இல் சட்டம் திருத்தி ஆறு பேர் கொண்ட நாணயக் கொள்கைக் குழு வந்தது. மூணு பேர் வங்கியிலிருந்து, மூணு பேர் வெளியிலிருந்து. இலக்கு 4 சதவீதப் பணவீக்கம், இரண்டு பக்கமும் 2 சதவீத இடைவெளி. அவங்க ரெப்போவைத் தீர்மானிப்பாங்க, வங்கிகளுக்குள் ஒருநாள் கடன் வாங்கும் வட்டி அதை ஒட்டியே நிற்கும்படி பணத்தை விடுவதும் இழுப்பதும் தினசரி வேலை. அந்த ஒருநாள் வட்டிக்குத் தரையாக 2022 ஏப்ரலில் எஸ்.டி.எஃப். (வங்கிகள் மிச்சப் பணத்தை ரிசர்வ் வங்கியில் போட்டு வைக்கும் வசதி) கொண்டு வந்தாங்க, கூரைக்கு எம்.எஸ்.எஃப். (அவசரத்துக்கு ரெப்போவை விடக் கூடுதல் வட்டியில் ரிசர்வ் வங்கியிடம் கடன் வாங்கும் வசதி) இருக்கு.

ஒரு பொறி: ரெப்போ பெயரளவு வட்டி. முதலீட்டை அசைப்பது உண்மை வட்டி, அதாவது எதிர்பார்க்கும் பணவீக்கத்தைக் கழித்த பிறகு வருவது. பணத்தேவையில் வருவது பெயரளவு வட்டி. எதிர்பார்க்கும் பணவீக்கம் சுழியம் என்று வைத்தால்தான் இரண்டும் ஒண்ணு. உங்க கணக்கு அப்படி வைத்துக்கொண்டதுதான், ஆனா கேள்வியில் "எதிர்பார்ப்பு 2 சதவீதம் கூடினால்" என்று வந்துவிட்டால் இந்த வித்தியாசம் தெரியாமல் ஓட முடியாது.

காசிமேடு_நெறி

எண்ணைத் துரத்துவதற்கு முன்னாடி சொற்களைத் தெளிவாக்கிக்கணும்னு நான் சொல்வேன். மேலே உள்ளவர்கள் ஒத்துக்க மாட்டாங்க. தேர்வில் அதிகம் தப்பாவது "முதலீடு". காசிமேட்டில் ஒருத்தர் புதுப் படகு கட்டச் சொன்னால் அது முதலீடு. இன்னொருத்தரிடம் பழைய படகை வாங்கினால் இல்லை, கைமாறியது மட்டும்தான். தரகர் கமிஷன் மட்டும் இந்த வருட ஜி.டி.பி.-இல் சேரும். பங்கு வாங்குவதும் இந்த அர்த்தத்தில் முதலீடு ஆகாது.

அடுத்து சோலோ மாடல் வரும், மூலதனம் சேர்வதால் பொருளாதாரம் எப்படி வளருதுன்னு காட்டுவது. அதுக்கும் இப்பவே தயாராகிக்குங்க. தலைக்கு உற்பத்தி = தலைக்கு மூலதனத்தின் வர்க்கமூலம், சேமிப்பு 20 சதவீதம், தேய்மானம் 5 சதவீதம், மக்கள்தொகை வளர்ச்சி இல்லை. நிலைத்த நிலையில் (மூலதனம் மாறாமல் நிற்கும்போது) சேமிப்பும் தேய்மானமும் சமம்: மூலதனம் 16, உற்பத்தி 4, நுகர்வு 3.2. சேமிப்பை 50 சதவீதம் ஆக்கினால் கடைசியில் மூலதனம் 100, உற்பத்தி 10, நுகர்வு 5. ஆனா மாற்றிய அன்றே நுகர்வு 3.2-லிருந்து 2-க்கு விழும். மூலதனம் இன்னும் 16-தானே. அந்தப் பள்ளத்தை வரையாமல் நேராக 5-க்கு ஏற்றிவிடுவாங்க. வளர்ச்சி விகிதமும் நிரந்தரமாக் கூடாது. இடைக்காலத்தில் மட்டும் கூடும், பிறகு சுழியத்துக்கே வரும்.

தண்டையார்பேட்டை_பிஏ

மூணு பேருக்கும் நன்றி. இன்னும் ஒரே ஒரு சந்தேகம்ணா. செலவு 40, வரியும் 40 கூடினால்? சமநிலை பட்ஜெட் பெருக்கி 1, அதனால் 40 கூடும், 2040. சரியா?

கொருக்குப்பேட்டை_கணக்கு

அதே பொறிதான். ஐ.எஸ். நகர்வு 40: செலவால் 200, வரியால் கழிவது 4 × 40 = 160. அந்த ஒண்ணு என்கிற பெருக்கியும் வட்டி நிலையா இருந்தால் மட்டும். பண அளிப்பு 800-லேயே நின்றால், 2440 − 100 × வட்டி = 1600 + 100 × வட்டி. வட்டி 4.2, வருமானம் 2020. நுகர்வு 1564, முதலீடு 216, அரசு 240. கூட்டிப் பாருங்க.