பழைய செட்டிநாட்டு வீட்டில் மெஸ்: எதை மாற்றலாம், எதில் கை வைக்கக்கூடாது

காரைக்குடி உறுப்பினர்:
பழைய செட்டிநாட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து மெஸ் நடத்தலாமா என்றால், வீட்டின் அமைப்பு சாப்பாட்டுக் கடைக்குத் தோதானதுதான். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். நடுவே வளவு (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் ஒரே நேர்கோட்டில். கல்யாணம் காட்சிக்கு ஊரே பந்தியில் உட்கார்ந்த இடம், கூட்டத்துக்கு அசையாது. கெடுப்பது தண்ணீர்தான். குடும்பம் இருந்தபோது தரையைத் தினம் ஒரு தடவை துடைத்தார்கள். கடையில் பந்திக்குப் பந்தி கழுவுகிறார்கள்.

தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவை ஊற்றி, பின்னால் சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. புளி, எலுமிச்சை, மோர் எது சிந்தினாலும் உடனே துடைக்க வேண்டும். புளிப்பு சிமெண்டை அரிக்கும். கறை போக ஆசிட் ஊற்றுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்: மேல்தோல் போய்விடும், மெருகு திரும்பாது. வெறும் தண்ணீர், வாரம் ஒரு தடவை சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்ட துணி, அது போதும்.

முற்றத்துத் தூம்பில் எச்சில் தண்ணீரை விடாதீர்கள். அது மழைத் தண்ணீர் போவதற்கு வைத்த வழி. எண்ணெய் உறைந்து உள்ளே அடைத்தால் ஐப்பசி மழையில் தண்ணீர் வளவுக்கே ஏறிவிடும். கை கழுவும் இடம் பின்கட்டில், எண்ணெய் தங்கும் தொட்டியோடு தனியாக இருக்கட்டும்.

தேவகோட்டை உறுப்பினர்:
தரையைவிட மேல்தளத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும், சார். இந்த வீடுகளின் மேல்தளம் மெட்ராஸ் டெரஸ். அது என்னவென்றால் தேக்கு உத்திரம், குறுக்குக் கட்டை, அதன்மேல் மெல்லிய செங்கல் சுண்ணாம்பில் மூலைவாட்டமாக நிறுத்தி அடுக்கியது, மேலே செங்கல் ஜல்லிக் காரை, அதற்கும் மேலே தட்டையான ஓடு. கற்கள் ஒன்றையொன்று பிடித்துத்தான் நிற்கின்றன. விளக்குக்கோ ஃபேனுக்கோ நடுவில் துளை போட்டால் ஒரு கல் தளரும், பக்கத்துக் கல்லும் தளரும். ஃபேன் மாட்ட உத்திரம் மட்டும்தான்.

ஒழுகுகிறது என்று மேலே ஒரு அங்குலம் சிமெண்ட் பூசுவது வழக்கமாகிவிட்டது. கணக்குப் போடுங்கள்: ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, ஏறக்குறைய 460 கிலோ கூடுகிறது. ஒழுகலும் நிற்காது, வெயிலில் விரிசல் விட்டு, அதற்குள் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கட்டை நுனியை ஊறவைக்கும். சுவருக்குள் இருக்கும் நுனிதான் முதலில் மக்கும். கட்டையைச் சுத்தியலால் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் திருப்புளியால் குத்திப் பாருங்கள்.

சரியான வேலை இதுதான்: தளர்ந்த ஓடுகளையும் காரையையும் எடுத்துவிட்டு, முக்கால் அங்குலச் செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு, மணல் இல்லாமல் கலக்க வேண்டும். கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீர் தெளித்து, கட்டையால் அடித்தால் தடம் விழாமல் போகும் வரை அடிக்க வேண்டும். தண்ணீர் வடியப் பத்தடிக்கு 2 அங்குலம் வாட்டம். சராசரிக் கனம் 3 அங்குலம். அடிக்கும் கூலிதான் செலவு. அதைக் குறைக்கப் போய்த்தான் ஒழுகல் திரும்ப வருகிறது.

தண்ணீர்த் தொட்டியை இந்தத் தளத்தின் நடுவில் ஏற்றாதீர்கள். 1000 லிட்டர் என்றால் ஒரு டன். தரையிலிருந்து இரும்புச் சட்டம் எழுப்பி அதில் வையுங்கள்.

சிவகங்கை உறுப்பினர்:
சுவரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அந்தப் பளபளப்பு பெயின்ட் இல்லை. சுண்ணாம்பைப் பல பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சில் மைபோல அரைத்த சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்து ஏற்றிய மெருகு. அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்டோ சிமெண்டோ ஏற்றினால் சுவர் மூச்சுவிடாது. ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்) உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, தோல் தோலாக உரியும். கீழே மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டி மறைத்தால் ஓதம் டைல்ஸுக்கு மேலே ஏறும், அவ்வளவுதான்.

அடுப்படியில் விறகு போய் கேஸ் வந்த பிறகு இன்னொரு தொல்லை. விறகடுப்பின் சூடும் புகையும் ஓட்டுக் கூரையின் மரச் சட்டங்களைக் காயவைத்துக்கொண்டிருந்தன. இப்போது சாதம் வடிக்கும் ஆவி நேராக மேலே போய்ப் படிகிறது. கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டவர்களுக்குச் சட்டம் மக்குவது கண்ணுக்கே தெரியாது. பழைய புகைக்கூண்டை அடைக்காமல் அதன் வாயிலேயே எக்ஸாஸ்ட் ஃபேனை வையுங்கள். அடுப்புக்கு மேல் ஆவியைப் பிடிக்கும் ஹூடைச் சுவரிலோ கட்டையிலோ தொங்கவிடாமல் தரையில் ஊன்றிய நான்கு கால் சட்டத்தில் நிறுத்துங்கள். கடையை மாற்றும்போது அப்படியே கழற்றி எடுத்துப் போகலாம். வீட்டுக்காரரும் முன்பணத்தில் கை வைக்கமாட்டார்.