எகானமியிலேயே பறந்து ஸ்டேட்டஸ் வாங்கினவங்க, மறக்க முடியாத ஒரு சம்பவம் சொல்லுங்க

ஜன்னலோரம்

நேரா விஷயத்துக்கு வர்றேன். ஒரே வருஷத்துல பதினோரு தடவை போய் வந்து கோல்டு கார்டு வாங்கினேன், அடிக்கடி பறக்கிறவங்களுக்கு விமானக் கம்பெனி தர்ற ஸ்டேட்டஸ். எல்லாமே வேலை விஷயமா, எல்லாமே எகானமி. பிசினஸ் கிளாஸ் திரைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு இறங்கும்போது எட்டிப் பார்த்ததோட சரி.

கார்டு வந்த ரெண்டாவது மாசம் அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். நடுவுல அஞ்சு மணி நேரக் காத்திருப்பு. ஒரு வாரமாவே ரெண்டு பேர்கிட்டயும் பெருமை அடிச்சு வெச்சிருந்தேன். "ஏர்போர்ட் லவுஞ்ச்ல, அதான் கார்டுக்காரங்க ஓய்வறையில, கால் நீட்டிப் படுக்கலாம், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

கேட்டாங்க. மூணு போர்டிங் பாஸையும் நீட்டினேன். அந்தப் பொண்ணு முதல் ரெண்டையும் ஸ்கேன் பண்ணிட்டு, மூணாவதைத் தொடாமலேயே என் பக்கம் தள்ளி வெச்சுது. "உங்களோட ஒருத்தர்தான் சார்." விதி எனக்குத் தெரியும். கார்டோட வந்த மெயில்லயே இருந்துச்சு. வயசானவங்கன்னு கண்டுக்காம விட்டுருவாங்கன்னு ஒரு நப்பாசை, அவ்வளவுதான்.

அப்பா உடனே, "நீங்க போங்க, உள்ள வந்தா எனக்குத் தூக்கம் வந்துரும்"னார். அம்மாவுக்கு முட்டி வலி. போனோம். நாப்பது நிமிஷம்கூட இருக்கல. திரும்பி வந்து பார்த்தா அப்பா அதே நாற்காலியில, மூணு பையையும் காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு, மேல இருந்த பையோட வாரை மணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்திக்கிட்டு உக்காந்திருக்கார். பாத்ரூம்கூடப் போகலை. எங்களைப் பார்த்ததும் வேகமா எழுந்து போனது அங்கதான்.

நாலு வருஷமாச்சு. கார்டைப் பார்த்தா அந்த மணிக்கட்டுதான் ஞாபகம் வருது. உங்களுக்கும் இப்படி உறுத்துற மாதிரி ஏதாவது இருந்தா எழுதுங்க.

முப்பது கிலோ

எனக்கு லவுஞ்ச் பெரிசில்ல, பெட்டிதான் பெரிசு. ஸ்டார் அலையன்ஸ்ங்கிற விமானக் கம்பெனிக் கூட்டணியில கோல்டுன்னா எகானமி டிக்கெட்லயும் 20 கிலோ கூடுதல். எடைக்குப் பதிலா பெட்டி எண்ணிக்கை பார்க்கிற ரூட்டா இருந்தா ஒரு பெட்டி கூடுதல். அதுக்காகவே ரெண்டு வருஷம் ஒரே கூட்டணியில பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பறந்தேன்.

கோல்டு வந்த பிறகு முதல் பயணம். செக்கின்ல பெட்டிக்கு முன்னுரிமை டேக் கட்டினாங்க. நான் அதை போட்டோகூட எடுத்தேன், சிரிக்காதீங்க. இறங்கி பெல்ட் பக்கத்துல போய் முதல் ஆளா நின்னேன். என் விமானத்துல வந்த அத்தனை பேரும் பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயாச்சு. பெல்ட் நின்னுடுச்சு. ஒரு ஊழியர் ரப்பர் திரையை விலக்கிக்கிட்டு என் பெட்டியைக் கையால தூக்கிட்டு வந்தார். டேக் அப்படியே பளபளன்னு தொங்குது. "முன்னுரிமைப் பெட்டிங்களைத் தனியா ஒதுக்கி வெச்சோம் சார், அதை எடுத்துட்டு வர மறந்துட்டாங்க"ன்னார்.

கடைசி வரிசை

என்னோடது பூஜ்ஜியக் கதை.

ஆபீஸ்ல டிக்கெட் போட்டுக் கொடுப்பாங்க. நாலு நீளமான பயணம், எல்லாமே என் கார்டோட கூட்டணியில இருக்கிற இன்னொரு கம்பெனி. உறுப்பினர் நம்பர் போர்டிங் பாஸ்ல அழகா அச்சாகியிருக்கும். அதைப் பார்த்தே மைல்ஸ், அதான் ஸ்டேட்டஸுக்கு எண்ணுற புள்ளி, ஏறிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். வருஷக் கடைசியில கணக்கைத் திறந்தா நாலு பயணமும் வரிசையா இருக்கு. தேதி சரி, விமான எண் சரி, எதிர்ல 0. நாலுலயும் 0. பயணமே பதிவாகலைன்னா சண்டை போடலாம். பதிவாகி, எண்ணி, பார்த்துட்டுப் பூஜ்ஜியம் போட்டிருக்காங்க.

எழுதிக் கேட்டேன். இந்த வகுப்பு டிக்கெட்டுக்கு மைல்ஸ் கிடையாதுன்னு ஒரே வரியில பதில். எகானமி எகானமிதானேன்னு இருந்தவன் நான். டிக்கெட்ல விமான எண்ணுக்குப் பக்கத்துல ஒத்தை இங்கிலீஷ் எழுத்து ஒண்ணு இருக்குமே, அதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஒய்-ன்னா முழுக்கட்டண எகானமி. மலிவு விலை எழுத்துகளுக்கு வர வரப் பாதி, கால், கடைசியில ஒண்ணுமே இல்லை. பக்கத்து சீட்டுக்காரரும் நானும் முட்டியை முட்டிக்கிட்டுத்தான் பத்து மணி நேரம் உக்காந்திருந்தோம். அவருக்கு என்ன எழுத்துன்னு கேட்டிருக்கணும்.

பழைய கணக்கு

கடைசி வரிசை, தப்பு உங்க மேலயும் இருக்கு. மைல்ஸ் தர்றது பறக்கிற கம்பெனி இல்லை, நீங்க எந்தத் திட்டத்துல சேர்ந்திருக்கீங்களோ அது. ஒரே எழுத்துக்கு ஒரு திட்டம் பூஜ்ஜியம் போடும், அதே கூட்டணியில வேற ஒரு திட்டம் பாதி போடும். டிக்கெட் எடுக்கும்போதே எழுத்தைப் பார்த்து எந்த நம்பரைக் கொடுக்கணும்னு முடிவு பண்ணணும். கோட்ஷேரா இருந்தா இன்னும் உஷார். டிக்கெட்ல ஒரு கம்பெனி எண், ஓட்டுறது வேற கம்பெனி. எந்த அட்டவணைப்படி கணக்குன்னு முன்னாடியே படிச்சிருக்கணும்.

பொதுவாவும் ஒண்ணு சொல்லிடறேன். 1981ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஆட்வான்டேஜ்ங்கிற மைல்ஸ் திட்டத்தை ஆரம்பிச்சப்ப தூரத்துக்கு மதிப்பு இருந்துச்சு. எவ்வளவு மைல் பறந்தியோ அவ்வளவு. இப்ப அந்தக் காலம் போச்சு. யுனைடெட் 2020லயே ஸ்டேட்டஸைச் செலவுக் கணக்குக்கு மாத்திட்டாங்க. டெல்டா 2024லேர்ந்து செலவு மட்டும்தான். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரல்லேர்ந்து அதே வழி. மலிவு டிக்கெட் எகானமிக்காரன் இவங்ககிட்டப் போய் நிக்கிறது வீண்.

தூரம் பார்க்கிற திட்டம்னா கணக்குப் போட்டுட்டு இறங்குங்க. சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட கிரிஸ்ஃபிளையர் மாதிரி கோல்டுக்கு 12 மாசத்துல 50,000 மைல்ஸ் வேணும்னு வெச்சுக்கோங்க. ஒரு வழி 5,000 மைல். முழு மைல்ஸ் தர்ற டிக்கெட்னா அஞ்சு தடவை போய் வந்தா முடிஞ்சுது. பாதி தர்ற டிக்கெட்னா பத்து தடவை. அந்த அஞ்சு கூடுதல் பயணத்துக்கு ஆகிற செலவுல மேல்தட்டு எகானமி டிக்கெட்டே வாங்கியிருக்கலாம். இதைப் பாதிப் பேர் யோசிக்கிறதில்லை. எமிரேட்ஸோட ஸ்கைவார்ட்ஸ்ல எண்ணிக்கை வழியும் உண்டு. 25 விமானம் ஏறினாலே சில்வர், குட்டிக் குட்டிப் பயணம் நிறைய இருக்கிறவங்களுக்கு நல்லது.

ஏர் பிரான்ஸ், கேஎல்எம் திட்டமான ஃபிளையிங் புளூல 2018லேர்ந்து எக்ஸ்பி, அதாவது ஒவ்வொரு விமானத்துக்கும் இத்தனைன்னு ஸ்டேட்டஸ் புள்ளி. எகானமியில வெளிநாட்டுப் பயணம்னா 2,000 மைலுக்குள்ள 5, 5,000 மைலுக்கு மேல 12. சின்னது ஒண்ணு, நீளம் ஒண்ணுன்னு ரெண்டு துண்டாப் போனா ஒரு வழிக்கு 17, போக வர 34. மூணு தடவை போய் வந்தா 102. சில்வருக்கு 100 போதும். நேரா போற விமானத்தைவிட மாறிப் போறதுதான் லாபம்.

ஜன்னலோரம், உங்களுக்கும் ஒரு யோசனை. லவுஞ்சுக்கு ஒரு கார்டுக்கு ஒரு விருந்தினர், அதுவும் அதே விமானத்துல போறவர். ஒன்வேர்ல்டு கூட்டணியோட சஃபையர் கார்டுலயும் ஒரு விருந்தினர்தான். ஸ்கைடீம் கூட்டணியோட எலைட் பிளஸ் கார்டுல சர்வதேசப் பயணம்னாதான் லவுஞ்சே. அப்பாவை இன்னொரு திட்டத்துல சேர்த்து நீங்க ஒரு...

சரி, நிறைய எழுதிட்டேன். என் சம்பவம் சின்னது. வருஷம் முடிய மூணு நாள், கொஞ்சம் மைல்ஸ் குறையுது. ஒரு விமானத்துல போய் இறங்கி, அதே விமானம் திரும்பும்போது ஏறினேன். வாசல்ல நின்ன அதே பணிப்பெண் பதறிப்போய், "சார், உள்ள எதையாவது மறந்து வெச்சுட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன். பாவம், சீட்டுக்கு அடியில டார்ச் அடிச்சுத் தேட ஆரம்பிச்சுட்டாங்க.

வாத்தியார் மகள்

பழைய கணக்கு சார், ஒருத்தர் தன் அப்பா வெளியே உக்காந்திருந்ததைப் பத்தி எழுதினா அதுக்கு எக்ஸ்பி கணக்கா பதில்? அவர் யோசனை கேக்கவே இல்லையே. டார்ச் விஷயம் மட்டும் எழுதியிருந்தா போதும், அது நல்லா இருந்துச்சு.

என்னோடதைச் சொல்றேன். மாறி ஏற வேண்டிய விமானம் ரத்து. ராத்திரி ரெண்டு மணி. டிரான்ஸ்ஃபர் கவுன்ட்டர்ல நீளமான வரிசை, தரையெல்லாம் ஆளுங்க படுத்திருக்காங்க. என் முறை வந்தது. அந்த அம்மா கீபோர்டுல ரொம்ப நேரம் தட்டி, காலையில கிளம்புற வேற கம்பெனி விமானத்துல இடம் பிடிச்சுக் கொடுத்தாங்க. எங்க கூட்டணியிலேயே இல்லாத கம்பெனி. நான் நன்றி சொல்லலை. "இதுக்கு என் மைல்ஸ் வருமா?"ன்னு கேட்டேன்.

அவங்க பதில் சொல்றதுக்கு முன்னாடி பின்னால ஒரு குழந்தை வீல்னு அழுதுது. திரும்பிப் பார்த்தேன். தோள்ல குழந்தையோட ஒரு பொண்ணு, கையில காலி பால் புட்டி. அவ என்னைத் திட்டலை. என் கையில இருந்த புது போர்டிங் பாஸைப் பார்த்தா, அப்புறம் என் முகத்தைப் பார்த்தா. எனக்கு மைல்ஸ்னா என்னன்னு தெரியும், அவளுக்கும் தெரிஞ்சிருக்கும் போல.

மைல்ஸ் வந்துச்சு. அதையும் சொல்லிடறேன், இல்லைன்னா பழைய கணக்கு சார் சொல்லிடுவார். கம்பெனியே வழியை மாத்தினா, முதல்ல வாங்கின டிக்கெட்டுக்கு உண்டான மைல்ஸைக் கேக்கலாம். டிக்கெட் நகலும் ரத்துச் செய்தியும் அனுப்பினேன், மூணு வாரத்துல ஏத்திட்டாங்க. அந்த வருஷம் கோல்டு தப்பிச்சுது. அந்தப் பொண்ணுக்கு அன்னிக்கு எந்த விமானம் கிடைச்சுதுன்னு தெரியாது.

பழைய கணக்கு

யோசனை சொன்னது குத்தமாம்மா? நாளைக்கு இதைப் படிக்கிற நாலு பேருக்கு உபயோகப்படும். நீங்களும்தான் கடைசிப் பத்தியில யோசனை சொல்லியிருக்கீங்க.

தூங்காத பயணி

சண்டை நடக்கட்டும், நடுவுல நான் ஒண்ணு.

ஏழு மணி நேர ராத்திரிப் பயணம். கேட்ல போர்டிங் பாஸை வெச்சதும் மெஷின் "டிக்"னு பச்சை காட்டாம "பீப்"னு சிவப்பு காட்டுச்சு. இந்த மாதிரி சத்தம் வந்தா என்னன்னு நம்ம ஆளுங்களுக்குத் தெரியும். எகானமி நிரம்பி வழியுது, கோல்டுக்காரனைத் தூக்கி முன்னால போடப் போறாங்க! பின்னால நின்னவங்க முன்னாடி முகத்தைச் சாதாரணமா வெச்சுக்கக் கஷ்டப்பட்டேன். அந்தப் பையன் பழைய பாஸைக் கிழிச்சான். புதுசு அச்சாகி வெளியே வர்ற வரைக்கும் மனசுல படுக்கை விரிச்சு, போர்வை போர்த்தி, செருப்பு மாட்டியாச்சு.

31-சி போய் 44-இ. ஓரம் போய் நடு. ஒரு குடும்பத்தைச் சேர்த்து உக்கார வைக்கணுமாம். "உங்க ஒத்துழைப்புக்கு நன்றி, கோல்டு உறுப்பினரே"ன்னு வேற சொன்னான். குடும்பம் சேர்ந்து உக்காரட்டும், நியாயம்தான். அந்தப் பட்டத்தைச் சத்தமாச் சொல்லாம விட்டிருக்கலாம்.

கடைசி வரிசை

44-இ பரவாயில்லை. நான் போன தடவை பாத்ரூம் கதவு பக்கம். பேரைப் பார்த்தாலே தெரியுமே.

பழைய கணக்கு சொன்னதுல ஒண்ணு சரி, ஒத்துக்கறேன். அந்த நாலு பயணத்தோட போர்டிங் பாஸ் கையில இருந்திருந்தா அதே கூட்டணியில வேற திட்டத்துல கேட்டுப் பார்த்திருக்கலாம். நான் நாலையும் அங்கங்கேயே குப்பையில போட்டுட்டு வந்துட்டேன்.

புது உறுப்பினர்

எல்லாத்தையும் படிச்சேன். எனக்கு இன்னும் எந்தக் கார்டும் இல்லை, அதனால தெரியாமத்தான் கேக்கறேன். ஜன்னலோரம் சார், லவுஞ்சுக்குள்ள பை கொண்டு போகக் கூடாதா? மூணு பையையும் ஏன் அப்பாகிட்ட விட்டுட்டுப் போனீங்க?

ஜன்னலோரம்

கொண்டு போகலாம். உள்ள பை வைக்கத் தனி அலமாரியே இருந்துச்சு.

அப்பா "வெச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்"னார். வெச்சுட்டுப் போயிட்டோம்.