மருந்து–புரத வலைப்பின்னலில் விடுபட்ட இணைப்புகளைக் கணிப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். 2008இல் யமானிஷி குழுவினர் வெளியிட்ட மருந்து–புரதத் தரவுத்தொகுப்பின் நொதிப் பிரிவைக் கொண்டு முதுகலை ஆய்வு செய்துவருகிறேன். அதில் 445 மருந்துகளும் 664 புரதங்களும் அவற்றுக்கிடையே அறியப்பட்ட 2,926 இணைப்புகளும் (எந்த மருந்து எந்தப் புரதத்தோடு வினைபுரிகிறது என்ற பதிவுகள்) உள்ளன. நட்பு வலைப்பின்னல்களில் பயன்படும் 'பொது அண்டை' அளவையை, அதாவது இருவரோடும் நேரடியாக இணைந்தவர்களின் எண்ணிக்கையை, போட்டுப் பார்த்தால் எல்லா ஜோடிகளுக்கும் பூஜ்ஜியமே வருகிறது. ஒரு மருந்திலிருந்து ஒரு புரதத்துக்கு மூன்று இணைப்புகள் வழியாகச் செல்லும் 'மூன்று அடி நடை'களை எண்ணினாலோ ஏயூசி (இணைப்புள்ள ஜோடிகளை இல்லாதவற்றுக்கு மேலே வரிசைப்படுத்தும் திறனின் அளவை; 1 என்றால் பிழையே இல்லை) 1ஐ நெருங்குகிறது. இந்த விடையை நம்பலாமா?

மறுமொழி 1:
பூஜ்ஜியம் வருவது இயல்பே. மருந்தின் அண்டைகள் யாவும் புரதங்கள், புரதத்தின் அண்டைகள் யாவும் மருந்துகள் என்பதால், இரண்டுக்கும் பொதுவான அண்டை இருக்கவே முடியாது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சேர ஒற்றைப்படை அடிகள் வேண்டும்; ஆகவே மூன்று அடிகளுக்கு மாறியது சரியே. இமாட்டினிப், நிலோட்டினிப் ஆகிய இரண்டு புற்றுநோய் மருந்துகளும் ஏபிஎல் புரதத்தைத் தடுப்பவை. நிலோட்டினிப் பிடிஜிஎஃப்ஆர் புரதத்தையும் தடுக்கிறது என்று தெரிந்திருந்தால், இமாட்டினிப்–ஏபிஎல்–நிலோட்டினிப்–பிடிஜிஎஃப்ஆர் என்ற பாதை, இமாட்டினிப்பும் அதைத் தடுக்கக்கூடும் என்று காட்டும், உண்மையிலும் தடுக்கிறது.

மறுமொழி 2:
முறை சரிதான், ஆனால் எந்த வலைப்பின்னலில் எண்ணினீர்கள் என்பதைப் பாருங்கள். சோதனைக்கு ஒதுக்கிய இணைப்புகளை நீக்காமல் எண்ணியிருந்தால், இணைப்புள்ள ஒவ்வொரு ஜோடிக்கும் அந்த இணைப்பின் மீதே போய்த் திரும்பும் நடைகளும் சேர்ந்துவிடும். மருந்துக்கு 6 இணைப்புகளும் புரதத்துக்கு 4 இணைப்புகளும் இருந்தால், 6 + 4 − 1, அதாவது 9 நடைகள் இனாமாகக் கிடைக்கின்றன. இணைப்பில்லாத ஜோடிக்கு இதில் ஒன்றுகூடக் கிடைக்காது. விடைத்தாளைப் பார்த்து எழுதிய தேர்வுக்கு முழு மதிப்பெண் வருவதில் வியப்பில்லை. முதலில் மறைத்து, மீதமுள்ள வலைப்பின்னலில் மட்டும் எண்ணுங்கள். பயிற்சி ஜோடிகளின் மதிப்பைக் கணக்கிடும்போதும் அந்தந்த இணைப்பை விலக்கிவிட வேண்டும்.

மறுமொழி 3:
ஏயூசியை மட்டும் தரும் அட்டவணைகளை நான் அரைமனத்தோடுதான் படிப்பேன். உங்கள் தரவில் மொத்தம் 2,95,480 ஜோடிகள். அவற்றில் ஏறத்தாழ 1 விழுக்காட்டுக்கே இணைப்பு உண்டு. மற்றவற்றில் 5 விழுக்காட்டைத் தவறாக இணைப்பு என்று சொல்லும் கணிப்பு மாதிரிகூட, ஏயூசியில் அழகாகவே தோன்றலாம்; ஆனால் அந்தத் தவறுகள் மட்டுமே 14,600க்கு மேல், அதாவது உண்மை இணைப்புகளைப்போல் ஐந்து மடங்கு. எனவே துல்லியம் (இணைப்பு என்று சொன்னவற்றில் எத்தனை சரி), மீட்பு (உண்மை இணைப்புகளில் எத்தனை பிடிபட்டன) ஆகிய இரண்டையும் காட்டும் துல்லியம்–மீட்பு வளைகோட்டையும் சேர்த்துத் தாருங்கள். இணைப்பு பதிவாகாத ஜோடிகள் பெரும்பாலும் சோதித்துப் பார்க்கப்படாதவையே என்பதால், அவற்றை 'இணைப்பு இல்லை' என்று மாதிரிக்குக் கற்பிக்கும்போது அவற்றின் எடையைக் குறைத்து வைப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சோதனை இணைப்புகளை நீக்கி மீண்டும் கணக்கிடுகிறேன். எந்த இணைப்பும் அறியப்படாத புதிய மருந்துக்கு இம்முறை உதவுமா?

மறுமொழி 2:
உதவாது, தொடங்குவதற்கு முதல் அடியே இல்லை. மருந்து–புரத இணைப்புகளின் அட்டவணையான இணைப்பு அணியை மட்டும் கொண்டு காரணிப்படுத்தினாலும் (சிறிய அணிகளின் பெருக்கலாகப் பிரித்தாலும்) இதே சிக்கல்தான். அதே தொகுப்பில் மருந்துகளின் வேதியியல் ஒப்புமையும் புரதங்களின் அமினோ அமில வரிசை ஒப்புமையும் தரப்பட்டுள்ளன; அமைப்பில் நெருங்கிய மருந்துகளின் இணைப்புகளை அந்த ஒப்புமையின் எடையோடு புதிய மருந்துக்குக் கடன் வாங்கலாம். இதைச் சோதிக்க, இணைப்புகளை ஆங்காங்கே மறைக்காமல், சில மருந்துகளின் இணைப்புகள் முழுவதையும் மறையுங்கள். மதிப்பெண் கணிசமாக இறங்கினால் கலங்க வேண்டாம். ஆய்வேட்டில் இந்த இரண்டு வகைச் சோதனைகளின் எண்களையும் தனித்தனியே கொடுங்கள்.